கொம்பிளிமென்ற்: நிரப்புப் புரதத் தொகுதி

குருதித் திரவவிழையத்திலும் கலங்களின் மேற்பரப்பிலும் காணப்படும் 30க்கும் மேற்பட்ட புரதங்கள், தூண்டப்பட்டதும் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடராய் இயங்கி, அந்நியக் கலங்களை அழிக்கின்றன. இத்தொகுதியே, உடலின் நோயெதிர்ப்பை ஆராயும் நிர்ப்பீடனவியலில் ‘கொம்பிளிமென்ற்’ எனப்படுகிறது. பாராட்டு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் காதுக்கு இவ்வாறே ஒலிக்கும். இரண்டுக்கும் மூலம் ‘நிறைவாக்குதல்’ எனப் பொருள்தரும் இலத்தீன் வினையே.

குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவமான சீரத்திலுள்ள ஒரு பொருள் கிருமிகளைக் கொல்வதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட ஹான்ஸ் புக்னர், காப்பது என்ற கருத்தில் அதற்கு ‘அலெக்சின்’ எனப் பெயரிட்டார். ஜூல்ஸ் போர்டே, சீரத்தை ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், அந்நியப் பொருளை இனங்கண்டு ஒட்டும் புரதமான பிறபொருளெதிரி எஞ்சினாலும் அழிக்கும் ஆற்றல் மறைவதையும், புதிய சீரம் சிறிது சேர்த்ததும் அது மீள்வதையும் காட்டினார். வேற்று விலங்கின் செங்குழியங்கள் சிதைவதிலும் இதே நிகழ்வை அவர் கண்டார். இவருக்கு 1919ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. பிறபொருளெதிரியின் பணியை நிறைவுசெய்வதால் ‘கொம்பிளிமென்ற்’ என்ற பெயரை வழங்கியவர் போல் ஏர்லிக்.

திருகோணமலையில் உயர்தர உயிரியல் கற்கும் மாணவருக்கு ‘நிரப்பு’ புதிய சொல்லன்று. 90 பாகையை நிறைவாக்கும் நிரப்புகோணத்தைக் கணித பாடத்தில் அவர் முன்னரே அறிந்திருப்பார். ஆகவே ‘நிரப்புப் புரதத் தொகுதி’ என்பதே பொருத்தமான தமிழ் வடிவம். ‘துணைப்புரதம்’ என்பது எந்தப் புரதத்துக்கும் பொருந்திவிடும். ‘எதிர்ப்புப் புரதம்’ என்றால் பிறபொருளெதிரியோடு குழம்பும்.

ஏர்லிக் தந்த பெயர் இத்தொகுதியின் ஒரு பாதியையே சொல்கிறது என்பது பரம்பரைச் சோகைகளில் தெளிவாகிறது. அரிவாட்கலச் சோகையில், ஈமோகுளோபினின் பகுதியான பீற்றா குளோபின் சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளுத்தாமிக் அமிலத்துக்குப் பதிலாக வலீன் அமைகிறது. ஒட்சிசன் குறைந்ததும் ஈமோகுளோபின் நார்களாகத் திரண்டு, கலம் வளைந்து, மென்சவ்வின் உட்பக்கத்தில் இருக்க வேண்டிய கொழுப்பு வெளிப்பக்கம் தோன்றுகிறது. இதுவும், உடைந்த கலங்களிலிருந்து கசியும் ஹீமும் (ஈமோகுளோபினின் இரும்புள்ள பகுதி), பிறபொருளெதிரி இல்லாமலே நிரப்புத் தொகுதியின் ‘மாற்று வழி’யைத் தூண்ட வல்லவை. அப்போது சீ3 என்னும் புரதத்தின் துண்டுகள் செங்குழியத்தில் ஒட்ட, அவற்றை இனங்காணும் ஈரல், மண்ணீரல் ஆகியவற்றின் பெருந்தின்குழியங்கள் கலத்தை விழுங்கிவிடுகின்றன. தொடர் இறுதிவரை சென்றால் சீ5 முதல் சீ9 வரையான புரதங்கள் மென்சவ்வில் துளையிடுகின்றன. சாதாரண செங்குழியத்தில் இதைத் தடுக்க சீடி55, சீடி59 என்னும் காவற்புரதங்கள் உள்ளன. குளோபின் சங்கிலிகள் சமனின்றி உருவாகும் பரம்பரைச் சோகையான தலசீமியாவிலோ மிஞ்சிய சங்கிலிகள் மென்சவ்வைக் கெடுக்க, அங்கே பிறபொருளெதிரியும் சீ3 துண்டுகளும் படிகின்றன. எனினும் அடிப்படைக் காரணம் மரபணுக் குறைபாடே. நிரப்புப் புரதங்கள் அழிவை விரைவுபடுத்துவன மட்டுமே. ஏறத்தாழ 120 நாட்கள் வாழ வேண்டிய செங்குழியம் அரிவாட்கலச் சோகையில் 10 முதல் 20 நாட்களுக்குள் அழிகிறது.

இவ்வழிவைக் குறிக்கும் ‘ஹீமோலிசிஸ்’, குருதி, கரைதல் ஆகிய கிரேக்கச் சொற்களால் ஆனது. ‘குருதிச் சிதைவு’ என அப்படியே பெயர்த்தால் சிதைவது எது என்பது மறைந்துவிடும். ‘செங்குழியச் சிதைவு’ என்பதே திருத்தமானது. அச்சிதைவில் பெருகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் கண்ணை மஞ்சளாக்கும்போது நம் ஊரார் அதைச் செங்கமாரி என்பர். ஆனால் செங்கமாரி அறிகுறி மட்டுமே, ஈரல் நோயாலும் அது வரும்.

மருத்துவ அறிக்கையில் ‘கூம்ஸ் சோதனை’ என்றொரு வரி இருந்தால், செங்குழியத்தில் பிறபொருளெதிரியோ சீ3 துண்டோ படிந்துள்ளதா என்று பார்த்திருக்கிறார்கள் என்பது பொருள். உடல் தன் செங்குழியத்தையே தாக்கும் சோகையில் இது பெரும்பாலும் நேர்மறையாக வரும். பரம்பரைச் சோகைகளில் வழமையாக எதிர்மறையாகவே இருக்கும், ஏனெனில் படியும் அளவு சோதனையில் தெரியுமளவுக்கு அநேகமாக இருப்பதில்லை.