ஒரு லீவரும் ஒரு பித்தளைக் கோதும்

2014ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், தொல்லியல் வேலைக்குப் போனவர்களின் கண்ணில் ஒரு துவக்கு பட்டது. ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தது வைத்தபடியே நின்றது. வைத்தவர் யார், ஏன் திரும்பி வரவில்லை, யாருக்கும் தெரியாது. பிடி மரம் வெளிறி வெடித்து, அதன் அடி மண்ணுக்குள் இறங்கி, இரும்பெல்லாம் துருவேறி மரப்பட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்த இலக்கத்தை வைத்துப் பழைய பதிவேடுகளில் தேடினார்கள். 1882இல் தொழிற்சாலையை விட்டு வெளியே போன, வின்செஸ்டர் கம்பனியின் 1873 மொடல் துவக்கு என்று தெரிந்தது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க அதை வயோமிங் மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார்கள். சுடும் அறை காலி. பிடியின் அடியில், துடைக்கும் கோல் வைக்கிற துளைக்குள் மட்டும் ஒரேயொரு தோட்டா கிடந்தது.

எங்கள் காட்டில் இந்தக் கதை நடந்திருக்காது. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பாலை மரத்தில் இப்படிச் சாய்த்துவிட்டுப் போனால், ஒரு மாரி, இரண்டு மாரி, அவ்வளவுதான். பிடியைக் கறையான் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை ஈரம் பார்த்துக்கொள்ளும். நெவாடா மலைக்காற்று வறண்டது என்பதால் அந்தத் துவக்கு தப்பியது.

சரி, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் நான் எழுத வந்தது. விரல்களை வளையத்துக்குள் விட்டு லீவரை ஒருமுறை கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய கோது வெளியே பறக்கிறது, புதிய தோட்டா உள்ளே போகிறது, அடுத்த வெடிக்குத் தயார். கௌபோய் படங்களில் எல்லோரும் பார்த்ததுதான். வன்னியில் துவக்கு என்று எழுதினாலே வாசிப்பவர் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இது அதற்கெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்திய, வேறொரு கண்டத்துச் சங்கதி. ஆனால் அதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர் இடியன் துவக்கிலிருந்து தொடங்குவதுதான் சுகம்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இடியன் துவக்கைத் தெரியும். வெடிமருந்து, அடைப்பு, சன்னம் எல்லாம் குழலின் வாய்வழியாகவே போகும். கோலால் இடித்து இறுக்க வேண்டும். ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்கு இந்தப் பாடெல்லாம் திரும்பவும் பட வேண்டும். அதுவரைக்கும் பன்றி நின்று பார்த்துக்கொண்டிருக்காது. மருந்து நனைந்தால் அன்றைக்கு வேட்டையே இல்லை.

ஆனாலும் இடியனிடம் ஒரு பெரிய பலம் உண்டு. அதன் பின்பக்கம் மூடிய இரும்பு. வெடித்த வாயு பின்னால் வரப் பாதையே இல்லை, முன்னால் போயே ஆக வேண்டும். வேகமாகச் சுட வேண்டுமென்றால் பின்பக்கமாகத் தோட்டா போட வேண்டும். அப்படியென்றால் பின்பக்கத்தில் ஒரு கதவு வேண்டும். கதவு என்று வந்துவிட்டால் இடுக்கும் வரும், சுடுகிறவரின் கண்ணுக்கு ஒரு சாண் முன்னால் அந்த இடுக்கு வழியாக நெருப்பும் வரும். 19ஆம் நூற்றாண்டின் துவக்குக் கம்மாளர்கள் எல்லோரும் முட்டி மோதியது இந்தக் கதவில்தான்.

1848, 1849இல் நியூயோர்க்கில் வால்டர் ஹண்ட் என்பவர் ஒரு வழி பார்த்தார். சட்டையில் குத்தும் ஊக்கை இன்றைய வடிவில் செய்து காப்புரிமை எடுத்தவரும் இவர்தான். ஈயக் குண்டின் பின்பக்கத்தைக் குடைந்து, மருந்தை அதற்குள்ளேயே அடைத்தார். கோது என்று தனியாக ஒன்று கிடையாது. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய், அதற்குள் வரிசையாகக் குண்டுகள், இயக்க லீவர். அந்த யோசனை கைமாறிக் கைமாறி ஹொரஸ் ஸ்மித், டேனியல் வெசன் ஆகியோரிடம் வந்தது. 1855இல் வொல்கானிக் என்ற கம்பனி உருவானது. அதற்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் ஒலிவர் வின்செஸ்டர், சட்டை தைத்து விற்ற வியாபாரி.

வொல்கானிக் துவக்கில் லீவர் இருந்தது. பின்பக்கக் கதவாக முன்னும் பின்னும் ஓடும் இரும்புக்குப் போல்ட் என்று பெயர்; அதைப் பூட்டும் இரண்டு இணைப்புக் கைகளும் இருந்தன. தோட்டாக் குழாயும் இருந்தது. பிற்கால வின்செஸ்டரின் எலும்புக்கூடு அப்படியே அதில் உண்டு. ஆனாலும் ஆள் எடுபடவில்லை. குடைந்த குண்டுக்குள் எவ்வளவு மருந்து பிடிக்கும்? அடி பலமில்லை. பின்பக்க இடுக்கால் வாயு கசிந்தது. லீவரை மட்டும் பார்த்து வியக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. குறை லீவரில் இல்லை.

குறையைத் தீர்த்தது கோது. போர் முடிந்து காணி துப்புரவாக்கிய எந்தக் குடும்பத்துக்கும் வெற்றுக் கோது புதினமில்லை. (வெற்று அல்லாதது தென்பட்டால் தொடக்கூடாது, கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.) அது வெறும் மருந்துப் புட்டி என்றுதான் பலர் நினைப்பது. உண்மையில் அது ஒருமுறைக்கு மட்டும் பாவிக்கிற ஒரு கதவடைப்பு.

வெடிக்கும் கணத்தில், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், உள்ளே அழுத்தம் எகிறுகிறது. மெல்லிய பித்தளைச் சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்துச் சுடும் அறையின் இரும்புச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இடுக்கு இருந்த இடத்தில் இப்போது பித்தளை. வாயு பின்னால் வர வழியில்லை. குண்டு குழலை விட்டுப் போனதும் அழுத்தம் விழுகிறது, பித்தளை தன் மீள்தன்மையால் ஒரு மயிரிழை சுருங்கி இரும்பை விடுகிறது. அதனால்தான் ஒரு சின்னக் கொக்கியால் அதை இழுத்து வெளியே எடுக்க முடிகிறது. 70 பங்கு செம்பு, 30 பங்கு நாகம் என்ற கலவை இந்த வேலைக்கு வாய்ப்பானது. கிழியாமல் புடைக்கவும் வேண்டும், திரும்பிச் சுருங்கவும் வேண்டும்.

வின்செஸ்டரின் பட்டறையில் வேலை செய்த பெஞ்சமின் டைலர் ஹென்றி, வொல்கானிக்கின் எலும்புக்கூட்டுக்குள் உலோகக் கோதுத் தோட்டாவைக் கொண்டுவந்தார். 1860 ஒக்டோபரில் காப்புரிமை. தோட்டாக் குழாயில் 16 தோட்டாக்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது தன் பெயரை நிலைநாட்டியது. ஒரு குறை இருந்தது. தோட்டாக் குழாயின் அடியில் நீள வெடிப்பு ஒன்று திறந்தபடி கிடக்கும், புழுதி உள்ளே போகும். எங்கள் ஊர் செம்மண் தெருவில் அதை ஒரு நாள் கொண்டு திரிந்தால் போதும். 1866 மொடலில் அந்தத் துவாரத்தை மூடி, வலப்பக்கத்தில் ஒரு சிறிய வில்லுக் கதவு வைத்தார்கள். இன்றுவரை லீவர் துவக்குகளில் தோட்டா போடுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தால்தான்.

அப்புறம் வந்தது 1873. ஹென்றியின் தோட்டாவில் பற்றும் மருந்து கோதின் விளிம்புக்குள் இருந்தது. விளிம்பை நசுக்கினால்தான் பற்றும், ஆகவே விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும், ஆகவே பலமான மருந்து போட முடியாது. 1873இன் 44-40 தோட்டாவில் பற்றும் மருந்து அடியின் நடுவுக்கு வந்தது. அடியைத் தடிப்பாக்க முடிந்தது. 40 கிரெயின் கரிமருந்து, அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்றுக் கூட. 13 கிராம் ஈயக் குண்டு செக்கனுக்கு 380 மீற்றர் அளவில் போனது. இந்த மொடலில் 7 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

இனி லீவரைத் தள்ளிப் பார்ப்போம், மெதுவாக. லீவர் கீழே போகும்போது போல்ட்டுக்குப் பின்னால் நேராக நின்ற இரண்டு இணைப்புக் கைகளும் நடுவில் மடிகின்றன. போல்ட் பின்னால் வருகிறது. அதன் கொக்கி வெற்றுக் கோதின் விளிம்பைப் பிடித்து இழுத்து வருகிறது. பின்னால் வரும் தண்டு, வெடிக்க வைக்கத் தட்டும் சுத்தியலான குதிரையையும் சாய்த்துப் பின்னால் தள்ளி நிறுத்திவிடுகிறது. லீவரின் பயணம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பித்தளைக் கட்டி, செங்குத்தாக, லிப்ட் போல மேலே வருகிறது. அதற்குள் புதிய தோட்டா படுத்திருக்கிறது. மேலே வருகிற வேகத்திலேயே அந்தக் கட்டி வெற்றுக் கோதைத் தட்டி வெளியே எறிகிறது. லீவரை மேலே இழுத்தால் போல்ட் முன்னால் போய்ப் புதிய தோட்டாவைச் சுடும் அறைக்குள் தள்ளுகிறது, கட்டி கீழே இறங்குகிறது, இணைப்புக் கைகள் மறுபடி நேராகின்றன. கீழே இறங்கிய கட்டிக்குள், தோட்டாக் குழாயின் வில்லு அடுத்த தோட்டாவைத் தள்ளிவிடுகிறது.

கைகள் நேராவதில்தான் பூட்டு இருக்கிறது. கால் நேராக நிற்கும்போது முதுகில் ஒரு நெல் மூட்டையை வைத்தாலும் தாங்கும். முழங்கால் சற்று மடிந்தபடி அதே மூட்டையை ஏற்றினால் தொடை நடுங்கும். எலும்புகள் ஒரே கோட்டில் இருந்தால் பாரம் எலும்பால் இறங்கி நிலத்துக்குப் போகிறது, தசைக்கு வேலை குறைவு. இங்கேயும் அதேதான். 44-40 வெடிக்கும்போது போல்ட்டைப் பின்னால் தள்ளும் விசை ஏறத்தாழ முக்கால் தொன்னுக்கும் ஒரு தொன்னுக்கும் இடையில் வரும். கைகள் ஒரே கோட்டில் இருப்பதால் அந்த விசை ஊசிகள் வழியாகத் துவக்கின் சட்டகத்துக்குப் போய்விடுகிறது. லீவரைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு அதில் பங்கே இல்லை. லீவர் முழுதாக மூடாவிட்டால், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசைவில்லை இழுக்க விடாத ஒரு சிறிய தடுப்பும் வைத்திருக்கிறார்கள். அரைகுறையாக நிமிர்ந்த முழங்காலை நம்ப முடியாது.

ஆனால் எலும்புக்கும் ஓர் எல்லை உண்டு. மருந்தைக் கூட்டக் கூட்ட, அந்த ஊசிகளும் மெல்லிய கைகளும் போதாமல் போயின. ஜோன் பிரவுனிங் என்ற யூட்டா மாநிலத்துக்காரர் முழங்காலையே கைவிட்டார். 1886 மொடலில் போல்ட்டின் இரு பக்கமும் இரண்டு உருக்குச் சட்டங்கள் கீழிருந்து எழுந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போல, போல்ட்டையும் சட்டகத்தையும் சேர்த்துப் பூட்டுகின்றன. 1894 மொடலில் ஒரே கட்டி போல்ட்டின் பின்னால் எழுந்து நிற்கிறது. அந்த மொடலுக்கு அடுத்த வருஷமே புகையற்ற மருந்தில் 30-30 தோட்டா வந்தது. அதன் அழுத்தத்துக்கு இன்றைய உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 42,000 இறாத்தல். பழைய 44-40ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். என் கணக்கில் அழகு 1873க்கு, புத்தி 1894க்கு.

தோட்டாக் குழாய்க்கும் ஒரு தண்டனை உண்டு. அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. பின்னுள்ளதன் மூக்கு, முன்னுள்ளதன் பற்றும் மருந்தின் மேல். கூரான குண்டு போட்டால் துவக்கு உதைக்கிற உதைப்பில் மூக்கு குத்திக் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். ஆகவே மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். தட்டை மூக்குக் குண்டைக் காற்று சீக்கிரம் இளைக்க வைக்கும், தூரம் போகாது. உலகப் படைகள் கூர்க்குண்டுக்கு மாறியபோது குழாய்த் துவக்குகள் வேட்டைக்காரரோடு நின்றுகொண்டன.

அதற்கு முன்னர் படைக்கும் போனதுண்டு. 1877இல், இன்றைய பல்கேரியாவிலுள்ள பிளெவ்னாவில் துருக்கியர் கிட்டே நெருங்கி வந்த ரஷ்யரை 1866 வின்செஸ்டர்களால் அடித்து நிறுத்தினார்கள். ஆனால் இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர் அந்தப் பக்கம் போகவில்லை. அவர்கள் படைக்கு 1871இல் எடுத்தது மார்ட்டினி ஹென்றி. அதிலும் பிடிக்குக் கீழே ஒரு லீவர் உண்டு என்பதால் பலர் இரண்டையும் குழப்புவார்கள். அந்த லீவர் கதவை மட்டும் இறக்கி ஏற்றும், ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் வைக்க வேண்டும். பெயரிலுள்ள ஹென்றியும் வேறு ஆள்: குழலின் புரிகளை வடிவமைத்த எடின்பரோக்காரர் அலெக்சாண்டர் ஹென்றி.

ஆக, வன்னியில் ஒரு பழைய வின்செஸ்டரைத் தேடிப் பிடிக்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். இங்கே எந்தத் துவக்குக்கும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற உறவினர் யாராவது பழையது ஒன்றை வாங்க யோசித்தால், குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரிமருந்தின் சாம்பல் ஈரத்தை உறிஞ்சும் உப்பு, துடைக்காமல் விட்ட இடமெல்லாம் குழி விழுந்திருக்கும். இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைக் கரிமருந்துக் காலத்துத் துவக்கில் போடவும் கூடாது. குழலில் தோட்டாவின் பெயர் ஒன்றாக இருக்கும், உருக்கின் பலம் ஒன்றாக இருக்காது.

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ இருக்கிற எங்களுக்குப் போன் திரை போதும். பக்கவாட்டுத் தகடு கழற்றிய 1873 இயங்கும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. முதலில் இணைப்புக் கைகளைப் பாருங்கள். பிறகு அந்தப் பித்தளைக் கட்டியை. தோட்டாக் குழாயிலிருந்து ஒன்றுக்கு மேல் வராமல் தடுக்க அங்கே தனிப் பூட்டு எதுவும் கிடையாது. கட்டியின் நீளமும் தோட்டாவின் நீளமும் ஒன்று. உள்ளே படுத்திருக்கும் தோட்டாவே அடுத்ததற்குத் தடை. இத்தாலியில் ஊபெர்ட்டி கம்பனி இன்றைக்கும் 1873ஐ இதே அமைப்பில் செய்து விற்கிறது. வாங்குகிறவர்கள் நீளம் குறைந்த தோட்டாவைப் போட்டால், அடுத்த தோட்டாவின் அடியும் கட்டிக்குள் வந்து வாசலில் சிக்கி, லீவர் பாதியில் நின்றுவிடும்.