கட்டி சுருங்கவில்லை என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

போன வாரம் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நிணநீர்ப் புற்று. கீமோதெரபியின் பாதியில் எடுத்த சிடி ஸ்கேன் அறிக்கையை மகன் கைப்பேசியில் படித்திருக்கிறார்: முன்பு 4.2 சென்டிமீட்டர், இப்போது 4. மருந்து வேலை செய்யவில்லை என்று வீட்டிலேயே முடிவுகட்டி, ஒரு சுற்றைத் தவறவிட்டு, நாட்டு மருந்துக்கு மாறிவிட்டார்கள். இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது குடும்பம் இது.

கட்டியின் அளவு வேறு, அதற்குள் உயிரோடிருக்கும் புற்றணுக்கள் வேறு. உயிரணு செத்த மறுநாளே கட்டி கரைந்துவிடாது. செத்ததை உடல் மெல்ல மெல்ல அப்புறப்படுத்த வேண்டும். அந்த இடத்தில் தழும்புத் திசு உருவாகி, ஆண்டுக்கணக்கில் தங்கிவிடவும் கூடும். நெஞ்சுக்கூட்டின் நடுவில் வரும் நிணநீர்ப் புற்றில் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஜிஸ்ட் என்ற இரைப்பை-குடல் கட்டிக்கு இமாட்டினிப் என்ற மருந்தைக் கொடுக்கும்போது, மருந்து நன்றாகக் கேட்கிற நிலையிலேயே கட்டி சற்றுப் பெருத்தும் காட்டலாம். அடுப்பு அணைந்த பின்னும் கரி கிடக்கும். கரியின் அளவை வைத்து நெருப்பை அளக்க முடியுமா?

அதற்குத்தான் பெட் ஸ்கேன். ஃபுளோரின்-18 ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துகிறோம். உயிருள்ள புற்றணு அதை அள்ளிக்கொள்ளும், செத்தது தொடாது. அந்த அம்மாவின் படத்தில் அதே 4 சென்டிமீட்டர் கட்டி இருண்டு கிடந்தது. கட்டி எவ்வளவு சர்க்கரையை இழுக்கிறது என்று காட்டும், ஐந்து படிகள் கொண்ட டோவில் அளவுகோலில் 2; எண் குறைந்தால் நல்லது. மருந்து கேட்டிருக்கிறது!

உயிரணு சாவதையே நேரடியாகப் படமெடுக்க முடியாதா என்றும் கேட்கிறார்கள். சாகும் உயிரணு தன் சவ்வின் உள்பக்கத்துக் கொழுப்பு ஒன்றை வெளியே திருப்பும். அதில் ஒட்டும் அனெக்சின் வி என்ற புரதத்தில் கதிரியக்கம் ஏற்றி, நோயாளிகளிடமும் சோதித்திருக்கிறார்கள். அன்றாட மருத்துவத்துக்கு அது இன்னும் வரவில்லை. அதைத் தேடி அலைய வேண்டாம்.

பெட் ஸ்கேனுக்கு வருகிறவர்கள் 6 மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். காப்பிக்கடையில் ஒரு வாய் தே தாரேக் (பால் தேநீர்) தானே என்கிறார்கள். கூடாது, வெறும் தண்ணீர் மட்டும். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். மெட்ஃபார்மின் உள்பட நீரிழிவு மருந்துகளை முன்பதிவின்போதே சொல்லுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகவில்லையென்றால் அதையும் மறைக்காதீர்கள். ஆறிவரும் திசுவும் சர்க்கரையை இழுக்கும், அதைப் புற்று என்று நாங்கள் மயங்க நேரும். சென்னையில் எடுத்த பழைய ஸ்கேன் இருந்தால் அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள வட்டையும் கொண்டுவாருங்கள்.

அறிக்கை புரியவில்லையா? மருத்துவரைக் கேட்காமல் ஒரு சுற்றைக்கூட விட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த அம்மாவுக்கு வரும் திங்கட்கிழமை கீமோதெரபி மறுபடி தொடங்குகிறது.