தீவு முகாமுக்குப் பணம் கட்டும் முன்னால்

நாகர்கோவிலில் பிசியோதெரபி பார்க்கும் எனக்குக் கொஞ்ச காலமாகப் புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போடுவது. "டாக்டரே, அடுத்த மாசம் ஒரு தீவுல ஒரு வாரம் எழுத்துப் பயிற்சி, கூடவே யோகா. ஃபிட்டுன்னு ஒரு கையெழுத்து போட்டுத் தாங்க" என்று நீட்டுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஐ.டி. பிள்ளைகள் எனப் பலரும் இதில் உண்டு.

படிவத்தை வாசித்தால் சிரிப்பு வரும். சைவமா அசைவமா, டி-ஷர்ட் அளவு என்ன, கவிதை எழுதுவீர்களா கதை எழுதுவீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் உண்டா, கண்ணில் நீர் அழுத்தம் உண்டா, முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததா, தினமும் என்ன மாத்திரை என்று ஒரு வரிகூட இல்லை. கடைசியில் மட்டும் பொடி எழுத்தில், காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இருக்கிறது.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கிரேக்க நாட்டின் ஸ்கைரோஸ் தீவில் 1979-லேயே இந்த மாதிரி விடுமுறை முகாம்கள் தொடங்கிவிட்டன. கடலுக்கு நடுவே தனியாக உட்கார்ந்தால் மனம் அடங்கும் என்பதையும் நமக்கு யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் உட்கார்ந்த பாறையைப் பார்த்தபடி வளர்ந்தவர்கள் நாம். கரையில் விவேகானந்த கேந்திரத்தில் யோகா முகாம்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே யாருக்காவது நெஞ்சு அடைத்தால் 108-ஐக் கூப்பிட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சாலை வழியாகவே போய்விடலாம். தீவில் அது முடியாது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உடம்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் என் தொழில்.

இந்த முகாம்களின் கால அட்டவணை அநேகமாக ஒரே மாதிரி. விடிகாலையில் எழுப்பி ஒன்றரை மணி நேரம் ஆசனம். சாப்பிட்டதும் மதியம் வரை எழுத்து. மாலையில் மறுபடி ஆசனம். ராத்திரி, எழுதியதை வாசித்துக் காட்டுதல். லேப்டாப் கூடாது, கையால்தான் எழுத வேண்டும் என்பார்கள். நாற்காலி இருக்காது. பாயில் சம்மணமிட்டு, மடியில் நோட்டை வைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுத வேண்டும். எழுத்து ஒரு பக்கம், யோகா ஒரு பக்கம், ஒன்றின் அலுப்பை மற்றது போக்கும் என்று ஏற்பாடு செய்பவர்கள் நம்புகிறார்கள். நடப்பது வேறு. இரண்டின் பாரமும் ஒரே இடங்களில்தான் போய் விழுகிறது: கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு.

ஓர் ஆசிரியை கட்டைவிரல் அடியில் வலி என்று வந்தார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னேன். பாதி சாய்ப்பதற்குள் "அய்யோ" என்று கையை இழுத்துக்கொண்டார். கட்டைவிரலை இயக்கும் தசைநாண்களின் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) உறை வீங்கியிருந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பேனாவையே தொடாதவர், முகாமில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அதே கையை ஊன்றித்தான் காலையிலும் மாலையிலும் சூரிய நமஸ்காரம். அதுவும் கடற்கரை மணலில். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மணலில் உள்ளங்கையின் அடிப்பகுதி புதைந்துவிடுவதால் மணிக்கட்டு வழக்கத்தைவிட அதிகமாகப் பின்னால் வளைகிறது. கெட்டியான தரையில் செய்யும்போது இந்தப் பிரச்சினை குறைவு.

இன்னொருவர் இளைஞர். இடது காலில் செருப்பு நிற்கவில்லை, கழன்று போவதே தெரியவில்லை என்றார். நடக்கச் சொல்லிப் பார்த்தேன். பாதத்தின் முன்பகுதி மேலே எழும்பாமல், தரையில் டப் டப்பென்று அடித்தது. வஜ்ராசனத்தில், அதாவது காலை மடித்துக் குதிகால் மேல் உட்கார்ந்து, தியானம் செய்திருக்கிறார், எழுதியதும் அப்படியே உட்கார்ந்துதான். கால் மரத்துப் போனபோது "பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்" என்றாராம் பயிற்சியாளர். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக ஒரு நரம்பு எலும்பை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அது நெடுநேரம் அமுங்கினால் பாதத்தைத் தூக்கும் தசைகள் செயலிழந்துவிடும். யோகாவால் இப்படி ஆவதை 1971-லேயே ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். இவருக்கும் சரியானது. ஆனால் கால் மரத்ததுமே எழுந்து நடந்திருந்தால் அந்த மாதங்களே தேவைப்பட்டிருக்காது.

தசை வலி வேறு, நரம்பு வலி வேறு. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசை அன்றைக்கே வலிப்பதில்லை. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போய், தானாகக் குறையும். ஆகவே முகாமின் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடையும் தோளும் கடுப்பது இயல்புதான், அன்றைக்குப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டால் போதும். மரத்துப் போவது, மின்சாரம் பாய்ந்த மாதிரி கையிலோ காலிலோ இழுப்பது, தூக்கத்தைக் கலைக்கும் ராத்திரி வலி, இவை அந்த வகை அல்ல. உடனே நிறுத்த வேண்டும். பயிற்சியாளர் வற்புறுத்தினாலும் நிறுத்த வேண்டும்.

சிரசாசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி நாளில் எல்லோரும் வரிசையாகத் தலைகீழாக நின்று படம் எடுத்துக்கொள்வது ஒரு சடங்காகிவிட்டது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தில் நின்றபோது கண்ணின் உள் அழுத்தம் சுமார் இரண்டு மடங்காக உயர்ந்தது தெரியவந்தது. அதுவும் யோகா பழகியவர்களிடமே. கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், விழித்திரைக்குச் சிகிச்சை எடுத்தவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கழுத்தில் தேய்மானமோ டிஸ்க் பிரச்சினையோ உள்ளவர்கள் அந்தப் படத்தில் இல்லாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் படகு. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பல தீவுகளுக்குக் கடைசிக் கட்டப் பயணம் ஸ்பீட் போட்டில்தான். அலை மேல் ஏறி இறங்கும்போது படகின் முன்பக்கம்தான் அதிகம் தூக்கி அடிக்கும். முன்னால் உட்கார்ந்தவர் இருக்கையிலிருந்து எழும்பி, பிட்டம் பட 'தொம்' என்று விழுவார். எலும்பு வலுவிழந்த ஒருவருக்கு இடுப்பு முதுகெலும்பு நசுங்க அந்த ஓர் அடி போதும். மாதவிலக்கு நின்ற பெண்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் கட்டாயம் பின்வரிசையில் உட்காருங்கள். காற்று நன்றாக வருகிறது, காட்சி அழகாக இருக்கிறது என்று முன்னால் போகாதீர்கள். மெதுவாக ஓட்டச் சொல்ல வெட்கமும் வேண்டாம்.

கடலைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. கரையிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளியிருக்கும் விவேகானந்தர் பாறைக்கே, நீர்மட்டம் தாழ்ந்தாலும் கடல் சீறினாலும் பூம்புகார் கப்பல் கழகப் படகு ஓடாது. டிக்கெட் வரிசையில் நின்று திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், கள்ளக்கடல் எனப்படும் திடீர்ப் பேரலை எச்சரிக்கை இருந்த நாளில், ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். இவ்வளவும் தெரிந்த நாமே, ஊர் தாண்டியதும் மறந்துவிடுகிறோம். கேரளத்தின் பூவாறு, மன்றோ தீவு போன்ற காயல் இடங்களிலிருந்து பத்திரமாகத் திரும்புவது எளிது. லட்சத்தீவு அப்படியல்ல. வெளியூர்க்காரர் நுழைய அனுமதி வேண்டும், கொச்சியிலிருந்து கப்பலில் போனால் அரை நாளுக்கு மேல் ஆகும், தென்மேற்குப் பருவக் காலத்தில் சிறு படகுகள் நின்றுவிடும். சின்னத் தீவில் ஒருவருக்கு உடம்புக்குப் பெரிதாக வந்தால் ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும், அதற்கும் வானிலை ஒத்துழைக்க வேண்டும்.

ஆகவே பணம் கட்டும் முன்னால் ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேளுங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் எந்தப் படகு வரும், அது தீவிலேயே நிற்குமா அக்கரையிலிருந்து வரவேண்டுமா, எந்த மருத்துவமனைக்குப் போவீர்கள், எவ்வளவு நேரம் ஆகும். "இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை சார்" என்று பதில் வந்தால் அவர்களிடம் திட்டம் எதுவும் இல்லை என்று அர்த்தம். நான் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று. முகாம் சாப்பாடு பெரும்பாலும் சத்வ உணவு, அளவும் குறைவு, ராத்திரியில் வெறும் பழம் என்றுகூட இருக்கும். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் குறைத்து, இரண்டு வேளை ஆசனமும் செய்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். மருந்து அளவை என்ன செய்வதென்று போகும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி உண்டா, மின்சாரம் முழுநேரமும் இருக்குமா என்பதும் கேட்க வேண்டியதே.

எழுத்துப் பக்கம் என் துறை அல்ல. ஆனாலும் சிகிச்சை மேசையில் படுத்திருப்பவர்கள் வலியை மட்டும் பேசுவதில்லை. கடற்கரை ஊர்ப் பெண் ஒருவர் கழுத்து வலிக்கு வந்தார். முகாமில் "கடல் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் பற்றி எழுது" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒக்கி புயலில் அண்ணனைப் பறிகொடுத்தவர் அவர். எழுதியிருக்கிறார், எல்லோர் முன்னாலும் வாசித்திருக்கிறார், கைதட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தூக்கமில்லை. எழுதுவதால் மனப்பாரம் குறையும் என்பது உண்மைதான். 1986-ல் அமெரிக்காவில் பென்னிபேக்கரும் பீலும் செய்த ஆய்வில், மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் தங்கள் துயரத்தைப் பற்றி எழுதவைத்தார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது, பலன் தெரிந்தது மாதங்கள் கழித்து. அந்தப் பக்கங்களை அவர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும் இல்லை.

பயிற்சி தருபவர் நல்ல எழுத்தாளராக இருக்கலாம், மனநல ஆலோசகர் ஆகிவிட மாட்டார். வாசித்துக் காட்டுவது கட்டாயமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், தீவுக் காற்றை நம்பி அதை நிறுத்தக் கூடாது. இருமுனை (பைபோலார்) மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சில ராத்திரித் தூக்கம் கெட்டாலே நோய் திரும்பிவிடலாம். திரும்பி வந்தபின் மனம் ஒரு நிலையில் இல்லையென்றால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவையும் கேட்டபிறகும் போக ஆசை இருக்கிறதா? போய் வாருங்கள், நல்ல விஷயம்தான். ஆனால் ஆறு வாரத்துக்கு முன்பே வீட்டில் தொடங்கிவிடுங்கள். தினம் இருபது நிமிடம் எளிய ஆசனங்கள், கையை ஊன்றும் பயிற்சி கொஞ்சம் கொஞ்சமாக, பேனாவால் ஒன்றிரண்டு பக்கம். தசை சீக்கிரம் பழகிவிடும், தசைநாண் மெதுவாகத்தான் பழகும். அதற்கு ஒரு வாரம் போதாது. தேவாலயத் தியானத்துக்குப் போய்வந்த பழக்கத்தில், இதுவும் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதுதான் என்று நினைத்துச் சிலர் ஒன்றும் செய்யாமல் கிளம்பிவிடுகிறார்கள். எழுத மேசையும் நாற்காலியும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் காலக் கணக்கப்பிள்ளை வைத்திருந்த மாதிரி ஒரு சாய்வுப் பலகையாவது கொண்டுபோங்கள், கழுத்து குனிவது குறையும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கற்பனை எங்கும் ஓடிவிடாது.

படிவத்தில் நான் இப்போது வெறும் கையெழுத்துப் போடுவதில்லை. சிரசாசனம் வேண்டாம், வஜ்ராசனம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், படகில் பின்வரிசை என்று ஆளுக்குத் தக்கபடி எழுதித்தான் கொடுக்கிறேன். ஒருசிலருக்கு அது பிடிப்பதில்லை, வேறு இடத்தில் போய் வாங்கிக்கொள்கிறார்கள்.

திரும்பி வந்தபின் பிடிப்பு, சுளுக்கு என்றால் நம் ஊரில் வர்ம ஆசானிடம் உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்து நீவிவிட, போவது வழக்கம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மரத்துப் போனாலோ, கை கால் பலம் குறைந்தாலோ, முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் எண்ணெய் வையுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் போவதில் தடங்கலோ, இரு தொடைகளுக்கு நடுவே உணர்வில்லாமையோ வந்தால், தீவில் இருந்தாலும் ஊரில் இருந்தாலும், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். என்னிடம் வந்து வரிசையில் உட்கார வேண்டாம்.