ஃபோம் ஒட்டிய அறையும் உறுமும் பேஸும்

நான்கு சுவரிலும் முட்டை அட்டை மாதிரி ஃபோம், கூரையிலும் ஃபோம். "இவ்வளவு ஒட்டியும் பேஸ் ஏன் சார் உறுமுது?" என்ற கேள்வியோடு இந்த மாதமும் பாட்டுக் கேட்கும் ஓர் அறையின் படம் வந்துவிட்டது. பணத்தைப் பசையில் கொட்டுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

ஃபோம் சத்தத்தை வெளியே போகவிடாமல் தடுக்காது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் செய்வது சுவரின் கனமும் கதவிடுக்கின் அடைப்பும். ஃபோமோ வேறெதுவோ, ஒலியை உறிஞ்ச சுவரில் மாட்டும் பேனலின் வேலை அறைக்குள் திரும்பி வரும் ஒலியைக் குறைப்பது மட்டுமே. அதிலும் தடிமன்தான் எல்லாம். பேஸ் என்னும் கீழ் ஸ்தாயி ஒலியில், 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், 25 மி.மீ. ஃபோமைக் கண்டு அது நிற்கப்போவதில்லை. அந்த ஃபோம் விழுங்குவது பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை: ஜால்ராவின் மினுக்கம், குரலின் தெளிவு. சுவர் முழுக்க ஒட்டினால் அவை செத்துப்போய், மிருதங்கத்தின் தொப்பி மட்டும் அறைக்குள் உருண்டுகொண்டிருக்கும். மேலும் ஃபோம் ஒட்டுங்கள், இன்னும் மோசமாகும்!

கடைக்காரர் "என்.ஆர்.சி. 0.9" என்பார். பேனல் ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்று சொல்லும் எண் அது; 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரி. பேஸைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. 125 ஹெர்ட்ஸில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கேளுங்கள்; பதில் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள். மெல்லிய மரச்சட்டங்களுக்குப் பின்னால் 9 மி.மீ. ஃபெல்ட் வைத்த பேனல் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

நல்ல பேனலைத் தச்சரே செய்துவிடுவார். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), 50 மி.மீ. பலகை இரண்டு அடுக்கு, ரீப்பர் சட்டம், 2க்கு 4 அடி. மேலே துணி. வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போகவேண்டும். ரெக்ஸின் போர்த்தினால் உள்ளே இருப்பது வீண். இழை உதிராமல் முன்னும் பின்னும் மெல்லிய நான்-ஓவன் துணி சுற்றுங்கள். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஓதம் ஏறும் சுவரென்றால் முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள்.

வைக்கும் இடத்தைக் கண்ணாடி சொல்லும். நீங்கள் கேட்கும் நாற்காலியில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரில், ட்வீட்டர் (ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயி ஒலியைத் தரும் சிறு பகுதி) உயரத்தில், கண்ணாடியை மெல்ல நகர்த்தட்டும். எங்கே ட்வீட்டர் தெரிகிறதோ அதுவே பேனலின் நடு. சுவருக்கும் பேனலுக்கும் 50 மி.மீ. இடைவெளி விட்டால் அதே பேனல் இன்னும் கீழ் ஸ்தாயி வரை வேலை செய்யும். எதிர்ச் சுவரிலும் இதையே செய்யுங்கள். கான்கிரீட் கூரையை மறக்காதீர்கள், எல்லோரும் மறக்கிறார்கள். டைல்ஸ் தரையில் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே கனமான ஜமக்காளம்.

பேஸ் மூலையில் குவிகிறது. முன் மூலைகள் இரண்டிலும் தரையிலிருந்து கூரை வரை, 150 மி.மீ. தடிமனில், பேனல்களைக் குறுக்காக நிறுத்துங்கள். 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். நீளமும் அகலமும் 12 அடியே என்றால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து அடிக்கும். அதை மூலைப் பேனல் மட்டும் அடக்கிவிடாது. நாற்காலி அறையின் நட்டநடுவில் இருந்தால் அந்தச் சுரம் காணாமல் போகும், பின்சுவரை ஒட்டினால் வீங்கும். முன்சுவரிலிருந்தோ பின்சுவரிலிருந்தோ நீளத்தில் 38 சதவீதம் தள்ளிப் போட்டுப் பாருங்கள். அங்கிருந்து அரை அடி முன்பின் நகர்த்துங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

ஒரு வேண்டுகோள். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் நொடியில் பற்றும், புகை நஞ்சு. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் இரவு விடுதியில் சுவர் ஃபோமில் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். பூஜை விளக்கு, சுவிட்ச்போர்டு, ஹாலஜன் பல்பு இருக்கும் அறையில் அதை ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

துளை போடும் முன் பேனல்களை ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து, நன்கு பழகிய பாடல்களை ஒரு வாரம் கேளுங்கள். அளவு மைக் கிடைத்தால் அறையின் ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளில் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், இலவசம்தான். அதன்பிறகு ட்ரில்லை எடுங்கள்.