ரெட்ஷேர்ட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

பள்ளி வயது வந்துவிட்ட பிள்ளையை, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று வேண்டுமென்றே ஒரு வருடம் கழித்துச் சேர்ப்பதை அமெரிக்கப் பெற்றோர் 'ரெட்ஷேர்ட்டிங்' என்கிறார்கள். சேர்த்த பிறகு வகுப்பேற்றாமல் அதே வகுப்பில் இருத்துவது வேறு விஷயம்.

சொல் வந்தது விளையாட்டு மைதானத்திலிருந்து. அமெரிக்காவில் பல்கலைக்கழக வீரர் நான்கு பருவங்கள்தான் போட்டியிடலாம். உடம்பு இன்னும் தேறாத ஒருவரை ஒரு வருடம் பயிற்சியோடு நிறுத்தி வைத்தால் அந்த நான்கில் ஒன்றும் குறையாது. 1937இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வாரன் அல்ஃப்சன் என்ற வீரர் இப்படி ஒரு வருடத்தைக் கேட்டு வாங்கி, சிவப்புச் சட்டையோடு பயிற்சி எடுத்ததுதான் தொடக்கம் என்பார்கள். பிறகு பெயர் அங்கே பள்ளியின் முதல் படியான 'கிண்டர்கார்டன்' வகுப்புக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த வகுப்பில் சேர அங்கே பல மாநிலங்களில் செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது நிறைய வேண்டும். அதனால் யோசனை வருவது பெரும்பாலும் ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளின் வீட்டில். இலங்கையில் கோடு ஜனவரி 31. ஜனவரி 28இல் பிறந்தவன் ஐந்து வயதும் சில நாளுமாகத் தரம் 1இல் உட்காருவான். அதே வாங்கில் இருக்கும், முந்தின வருடம் பெப்ரவரி 2இல் பிறந்தவளோ ஆறை எட்டிக்கொண்டிருப்பாள். அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறப்பாள்; இவன் ரீச்சரிடம் நீட்டுவான்.

மட்டக்களப்பில் இதற்குப் பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. களுவாஞ்சிக்குடியிலோ ஆரையம்பதியிலோ ஓர் அம்மம்மாவிடம் கேளுங்கள்: "வயசு காணாது புள்ள, வாற வருசம் சேப்பம்." 'செஞ்சட்டை முறை' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் மே தின ஊர்வலம்தான் ஞாபகம் வரும். 'சேர்க்கை ஒத்திவைப்பு' புரியும், ஆனால் நீதிமன்ற வாடை அடிக்கிறது. 'பிந்திச் சேர்த்தல்' என்பதே என் தெரிவு. விஜயதசமிக்கு ஏடு தொடக்கியாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: ஏடு மூன்று வயதிலும் தொடக்கலாம், அதற்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை.

சரி, இங்கே பிந்திச் சேர்க்கலாமா? அமெரிக்கா போல எல்லாம் பெற்றோர் கையில் இல்லை. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். 2016க்கு முன் 14 வரைதான் இருந்தது. ஆகவே விண்ணப்பம் கோரும் காலத்திலேயே அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். காரணம் வெறும் பிறந்த மாதம்தான் என்றால் எனக்கு ஒப்பில்லை. வகுப்பு ஏற ஏற அந்த வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போகும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் முந்தலாம் என்ற கணக்கு அதைவிட மோசம். பேச்சு பிந்துகிறது, காது கேட்பதில் சந்தேகம் என்றால், சும்மா ஒரு வருடம் காத்திருக்காமல் முதலில் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாத இடம் பாலர் பாடசாலை. மூன்றில் அழுது புரளும் பிள்ளையை நான்கில் சேர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.