ஹெத்தையம்மன் பண்டிகை கேசட்டும் தமிழ் சப்டைட்டிலும்

கோத்தகிரி பக்கம் படுகர் வீட்டு அலமாரியில் பழைய விஎச்எஸ் கேசட் கிடந்தால், அதில் ஒரு கல்யாணமோ பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகையோ இருக்கலாம். பாட்டி படுக மொழியில் பேசுவார். கோவையில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குப் பாதிதான் புரியும். டிவிடிக்கு மாற்றும்போது தமிழில் சப்டைட்டில் வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான்.

கேசட்டில் எழுத்துக்கென்று தனி இடம் கிடையாது. நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 625 கோடுகள். படம் தெரிவது 576-இல். மிச்சக் கோடுகளில் டிவி நிலையங்கள் டெலிடெக்ஸ்ட் எனும் எழுத்துத் தகவலை அனுப்பின. அவ்வளவு வேகமான தகவலைச் சாதாரண விஎச்எஸ் நாடாவால் பிடித்துவைக்க முடியாது. அதனால் கேசட்டில் தெரியும் எழுத்தெல்லாம் படத்தோடு கலந்துபோனவை.

டிவிடி அப்படியில்லை. சப்டைட்டில் படத்திலிருந்து பிரிந்து தனி அடுக்காக இருக்கும். 32 வரை வைக்கலாம். ஆனால் அந்த அடுக்கில் இருப்பதும் எழுத்தல்ல, எழுத்தின் படம். பிளேயருக்குத் தமிழ் தெரியாது. சொன்ன நேரத்தில் அந்தப் படத்தைக் காட்டி மறைப்பதோடு அதன் வேலை முடிந்தது. நமக்கு இது வசதி. எந்த மலிவு பிளேயரிலும் தமிழ் சரியாக வரும். தப்பு நடந்தால் கணினியிலேயே நடந்திருக்கும்: தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருள் 'கொ'வின் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். டிஸ்க் எழுதுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒரு சப்டைட்டில் படத்தில் நான்கே நிறங்கள். எழுத்துக்கு ஒன்று, ஓரக்கோட்டுக்கு ஒன்று, விளிம்பை மழுப்ப ஒன்று, மிச்சம் ஒளிபுகும் பின்னணி. இதில் ஓரக்கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹெத்தையம்மன் பண்டிகையில் ஆண், பெண் எல்லோரும் வெள்ளை உடுத்தி நிற்பார்கள். கறுப்பு ஓரம் இல்லாத வெள்ளை எழுத்து அந்தக் கூட்டத்தில் காணாமலே போகும்.

எழுத்து தடிமனாகவும் இருக்கட்டும். பால் முறையில் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் மாறி மாறி வரும். ஒரே கோடு கனமுள்ள கீற்று பழைய டிவியில் படபடவென்று துடிக்கும். இரண்டு கோடு கனம் இருந்தால் அடங்கிவிடும். படத்தின் அடி விளிம்பில் விஎச்எஸ் நாடாவுக்கே உரிய கலங்கல் பட்டை ஒன்று உண்டு. பழைய டிவிகள் ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கும். ஆகவே கீழிருந்து பத்தில் ஒரு பங்கு தள்ளி எழுத்தை வையுங்கள்.

அப்புறம், நேரம். மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே போட்டால் கேசட் ஓட்டும் விசிஆரும் சேர்ந்து அழுக்காகும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். சிக்னல் தடுமாறும் இடங்களில், கணினியில் பதிவு செய்யும்போது ஃபிரேம்கள் நழுவும். 25 நழுவினால் ஒரு நொடி போச்சு. மறுபடி பதிவு செய்தால் பழைய நேரக்குறிப்பு பொருந்தாது. அதனால் வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகே சப்டைட்டிலுக்கு நேரம் குறியுங்கள்.

கையில் இருப்பது விஎச்எஸ் அல்லாமல் மினிடிவி (MiniDV) எனும் சிறிய டிஜிட்டல் கேமரா கேசட் என்றால் ஒரு போனஸ் உண்டு. படம் பிடித்த தேதியும் நேரமும் அதில் படத்தின் மேல் அல்லாமல் தனித் தகவலாகப் பதிவாகியிருக்கும். அதைப் பிரித்தெடுத்து இன்னொரு சப்டைட்டிலாக வைத்துவிட்டால், வேண்டும்போது ரிமோட்டில் தேதியை வரவழைக்கலாம், வேண்டாதபோது அணைக்கலாம்.