சிறுநீர் தாராளமாகப் போகும்போது கிரியேட்டினின் ஏன் ஏறுகிறது?

உசிலம்பட்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு ரெண்டு நாளா வயித்துப்போக்கு, மதுரையில ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். கிரியேட்டினின் 3 இருக்கு, கிட்னி பாதிச்சிருக்குங்கிறாங்க. ஆனா ஒண்ணுக்கு நல்லாத்தான் போறாரு. வெயில்ல வேலை பார்த்துட்டு மூட்டுவலி மாத்திரை போடுவாரு, வேற எந்தப் பழக்கமும் கிடையாது. அப்புறம் எப்படி?" பதிலில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சிறுநீரின் அளவைப் பார்த்துவிடுவோம். இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் ரத்தத்திலிருந்து வடிகிறது. அதில் 178 லிட்டருக்கு மேல் மறுபடி ரத்தத்துக்கே திரும்பிவிடும். நாம் வெளியேற்றுவது ஒன்றரை லிட்டர்தான். வடிகட்டல் 18 லிட்டராகச் சரிந்துவிட்டது என்று வையுங்கள். அதில் பதினாறரை லிட்டர் திரும்பிப் போனால் அப்போதும் வெளியே வருவது அதே ஒன்றரை லிட்டர். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தசைகள் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை வழக்கம்போல உண்டாக்கிக்கொண்டே இருக்க, வடிவது குறைந்துவிட்டதால் அது ரத்தத்தில் தேங்குகிறது. வடிகட்டல் பாதியானால் சில நாட்களில் கிரியேட்டினின் ஏறக்குறைய இரட்டிப்பாகி நிற்கும். தேங்குவதற்கு நேரம் பிடிப்பதால், இன்றைய எண் சிறுநீரகம் நேற்று வரை இருந்த நிலையைச் சொல்கிறது. வார்டில் தினமும் ரத்தம் எடுப்பதும், குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். நர்ஸ் அளவுக்குடுவை கொடுத்தால் சிரமம் பார்க்காமல் அளந்து சொல்லுங்கள்.

வடிகட்டல் ஏன் சரிந்தது என்பதில்தான் நான் வியந்து வியந்து திரும்பிப் போகும் இடம் இருக்கிறது. உடம்பில் பொதுவாகத் தமனி தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்களாகப் பிரியும், தந்துகிகள் கூடிச் சிரையாகும். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகு நெஃப்ரான். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் இருக்கும் கிளாமருலஸ் என்ற தந்துகி முடிச்சு, நுண்தமனியில் தொடங்கி இன்னொரு நுண்தமனியிலேயே முடிகிறது. நுண்தமனிக்குத் தசைச்சுவர் உண்டு, சுருங்கவும் விரியவும் தெரியும். வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை அகலத் திறந்து, வடியும் மடையைச் சற்று அடைத்தால் வயலில் தண்ணீர் மட்டம் ஏறுமே, அதுபோல இந்த இரண்டையும் கொண்டு சிறுநீரகம் முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தன் பிடியில் வைத்திருக்கிறது.

எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று அதற்கு யார் சொல்வது? முடிச்சிலிருந்து புறப்படும் குழல் சிறுநீரகத்தின் ஆழத்துக்கு இறங்கி, வளைந்து மேலேறி, தான் புறப்பட்ட அதே முடிச்சின் வாசலுக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், ஒவ்வொன்றும் தன் சொந்த முடிச்சைத் தேடியே திரும்புகிறது! தொடும் இடத்தில் மேக்குலா டென்சா என்ற செல்கள் வரிசையாக நின்று, குழலில் ஓடும் நீரின் உப்பைப் பார்க்கின்றன. உப்பு குறைந்தால் வடிகட்டல் மந்தமாகிவிட்டது என்று பொருள். உடனே உள்வரும் நுண்தமனி விரிகிறது. ரெனின் என்ற நொதி சுரந்து, அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளிச்செல்லும் நுண்தமனியை இறுக்குகிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிச்சு தன் கணக்கைத் தானே பார்த்துச் சரிசெய்துகொள்கிறது.

வயிற்றுப்போக்கிலோ அக்னி நட்சத்திர வெயிலிலோ உடம்பு வற்றும்போது, ரத்த அழுத்தத்தைக் காக்க உடம்பெங்கும் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. அந்த நேரத்திலும் சிறுநீரகத்துக்குள் வரும் வழியைத் திறந்தே வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பது அதைத்தான். ஆஸ்பிரினும் அதன் உறவுக்கார மருந்துகளும் இப்படி வேலை செய்வதை 1971இல் ஜான் வேன் கண்டறிந்தார், 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கும் இளைஞர் ஒரு மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வற்றிய உடம்பில் அதே மாத்திரை உள்வழியை ஒடுக்கிவிடுகிறது. டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் வெளிவழியின் இறுக்கமும் தளர்ந்திருக்கும். பிறகு அழுத்தம் எங்கே நிற்கும்? அதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீண்ட காலத்தில் சிறுநீரகத்தையும் காத்து, பக்கவாதத்தையும் தடுப்பது அதுதான். வாந்தி பேதி வந்த அன்றே டாக்டரைக் கேட்டு, அந்தச் சில நாட்களுக்கு என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மேலூர்ப் பக்கத்துக் கல் குவாரியிலும், செங்கல் சூளையிலும், கதிரறுப்பிலும் வேலை செய்பவர்கள் மெடிக்கலில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் வெயிலில் இறங்குகிறார்கள். கோடைக்கு முன்னும் பின்னும் அவர்களுக்குக் கிரியேட்டினின் பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியில் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு இன்னும் முழுக் காரணம் தெரியவில்லை. நம் மாவட்டங்களில் இப்படி வருடாவருடம் பார்க்கும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாழைத்தண்டுச் சாறு கொடுத்தால் கிரியேட்டினின் இறங்கும் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்வார்கள். கொடுக்காதீர்கள். அதிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். வடிகட்டல் குறைந்தவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஒரு தடவை டயாலிசிஸ் செய்தால் ஆயுசுக்கும் விடாது என்ற பயமும் வேண்டாம். திடீரென்று வடிகட்டல் சரிந்த பலருக்கு, நீர்ச்சத்து ஏறி ரத்த ஓட்டம் சீரானதும் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. டயாலிசிஸ் தேவைப்பட்டாலும் அது மீளும்வரை கொடுக்கும் துணைதான். வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் சொன்ன நாளிலும், 3 மாதம் கழித்தும் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப்பு நிலைத்துவிட்டதா இல்லையா என்று அப்போதுதான் தீர்மானிக்க முடியும்.